நாற்பது ட்ராலிகளுக்கு வைத்த பெயர்கள்

தம்பி,

போனில் இதைச் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் நீ "சாப்பிட்டியாம்மா, அப்பா எங்க" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டாய். அந்தச் சாமர்த்தியம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது, அதனால் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. இந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். சமையலை முடித்து, உன் அப்பா ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு படப்பைக்குக் கிளம்பியதும் உட்கார்ந்துவிட்டேன். கம்பெனி பஸ் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதற்குள் முடித்தாக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

புனேவுக்கு ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். "அந்தப் பேர் போடற கம்ப்யூட்டர் வேலை என்னாச்சிடா" என்று கேட்டேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் முடிஞ்சி போச்சும்மா. வேலைக்குப் போறேன் இல்ல" என்றாய். முடிந்துபோச்சு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். அது தானாக முடியவில்லை. நான்தான் முடித்துவைத்தேன். அதை உன்னிடம் ஒழுங்காக ஒப்புக்கொள்ளவும், அதை நீ மறுபடி கையில் எடுக்கும்வரை உன்னை விடுவதில்லை என்று சொல்லவும்தான் இந்தக் கடிதம்.

நீ ஒன்பதாவது படித்தபோது நம் பிள்ளைப்பாக்கம் பக்கம் மனை விற்கிறவர்கள் வீட்டுக்கு வீடு டைரி கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு நகர், ஒரு கார்டன் என்று விளம்பரம் இருக்கும். அந்த விளம்பரத்துக்கு மேலே நீ ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டிருந்தாய். ஒரு பெரிய ஏரி, அதன் நடுவில் ஒரு தீவு, அங்கே இருக்கிற ஜனங்கள், அவர்கள் பேசுகிற பேச்சு. அந்த ஜனங்களின் முதல் தாய்க்கு ஆவ்ரீனா என்று பெயர் வைத்திருந்தாய். மீனுக்கும் காற்றுக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் சொன்னவளே அவள்தான் என்று எழுதியிருந்தாய். இதெல்லாம் எனக்கு மிகவும் பின்னால், நீ விட்டுப்போன டைரியைப் படித்தபோதுதான் தெரிந்தது. நீ சொன்ன நாளில் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டியவள். உன் அப்பாவாவது காது கொடுத்துக் கேட்டார். "தமிழ்ல நாப்பது மார்க்கு, உன் சொந்த பாஷையில எவ்ளோடா?" என்று கேட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய்.

காலேஜுக்குப் போய், கவர்மென்ட் கொடுத்த லேப்டாப் வந்த பிறகு அந்த டைரி கருவியாக மாறியது. ஒரு ஜனத்துக்கு என்னென்ன ஒலி உண்டு, எந்த ஒலி எதன் பக்கத்தில் நிற்கலாம் என்று சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த ஜனத்தின் பெயர்கள் வரிசையாக விழும். அதை நெட்டில் போட்டாய். எங்கேயோ வெளிநாட்டில் கதை எழுதுகிறவர்களும் விளையாட்டு செய்கிறவர்களும் எடுத்துப் பயன்படுத்தி உனக்கு நன்றி எழுதினார்கள். ஒரு நாள் அந்த நன்றியை எனக்குத் தமிழில் மாற்றிச் சொன்னாய். யாரோ ஒரு அம்மா, தன் கதையில் வருகிற மலைநாட்டுக்கு உன் கருவியிலிருந்து ஊர்ப் பெயர் எடுத்தாளாம். "பாரும்மா, எங்கயோ இருக்கறவங்க" என்று நீ சொன்னபோது உன் முகம் இருந்த மாதிரி அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்புகிறோம் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கட்டுகளைச் சுமந்து லைனுக்கு லைன் போக நாற்பது ட்ராலி. எல்லாம் ஒரே உயரம், ஒரே அச்சு. பத்து எழுத்து நம்பர் ஒட்டிய ஸ்டிக்கர் ஒரே மாதத்தில் கிழிந்துவிடும். "அந்த ட்ராலிய கொண்டா", "எந்த ட்ராலி", "அதான் அந்த ட்ராலி" என்று பொழுதெல்லாம் சண்டை. வேலையைச் சுலபமாக்க ஒரு யோசனை எழுதிக் கொடுத்தால் அதற்குக் கைசன் என்று பெயர். எல்லாரும் கொடுத்தாக வேண்டும். அந்தச் சமயம் லைன் லீடர் இடம் ஒன்று காலியாக இருந்தது. நல்ல கைசன் கொடுத்தவளுக்குத்தான் அது என்று ஹாலே பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடம் வேண்டும் என்று அவ்வளவு வெறி. ஐந்து வருஷமாக நின்றே வேலை செய்த கால், தம்பி.

டிவி மேலே நீ பிரிண்ட் எடுத்து வைத்த தாள் கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்பது பெயர். தமிழிலும் இங்கிலீஷிலும் அழகாக அடித்திருந்தாய். மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டேன். ட்ராலிக்கு ஒன்றாக பெயின்ட் மார்க்கரால் நானே எழுதினேன். யார் ஊர் பெயரும் இல்லை, யார் சாமி பெயரும் இல்லை, அதனால் தெற்கத்திப் பெண்களுக்கும் நம் பக்கத்துப் பெண்களுக்கும் நடுவில் ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. கடைசியில் ஒரு வண்டிக்குப் பெயர் குறைந்தது. தாளின் உச்சியில் தனியாக, பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது. தலைப்பு என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன். நாற்பது ஆகட்டும் என்று அதையும் எடுத்து எழுதிவிட்டேன். கழிவு வயரும் உடைந்த கனெக்டரும் கொட்டுகிற சிவப்பு வண்டி அது, ஸ்க்ராப் வண்டி. அதன் மேல் ஆவ்ரீனா என்று எழுதினேன்.

கைசன் போர்டில் என் போட்டோ ஏறியது. பரிசாக ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் லைன் லீடர் ஆனேன். வீட்டில் உன்னிடம், லீவு போடாமல் வேலைக்குப் போனதற்குக் கொடுத்தார்கள் என்று சொன்னேன். அதில் வைத்த இட்லியை நீ சாப்பிட்டுவிட்டு "சூடாவே இருக்கும்மா" என்றாய். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஃபேமிலி டேவுக்கு உன்னைக் கூட்டிப் போனேன். என் லைனை உனக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது என்று சொன்னால் நம்புவாயா? உண்மை அதுதான். நீ முதல் ட்ராலியைப் பார்த்தாய், இரண்டாவதைப் பார்த்தாய். உன் உதடு லேசாகச் சிரித்தது. உனக்காக நான் ஏதோ ரகசியமாக ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று நினைத்தாயோ என்னவோ. அப்போது நம்ம ஊர் குமாரி, அவளுக்கு எப்போதும் ஊருக்கே கேட்கிற குரல், "ஏய், ஆவுரீய இப்டி தள்ளு, ரொம்பிப் போய்கீது!" என்று கத்தினாள். சிவப்பு வண்டி உன் முன்னால் வந்து நின்றது. குமாரி உன் தோளைத் தட்டி, "இன்னாபா, பாத்தியா? இதெல்லாம் உங்கம்மா வெச்ச பேரு. இன்னா மூளைன்ற உங்கம்மாவுக்கு!" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் அவளைப் பார்த்து, "ஆமாக்கா" என்றாய்.

பஸ்ஸில் ஒரகடம் தாண்டும்வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு, "ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றாய். நான் அப்போதே உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "பேருதானடா, இதுல என்னா கொறைஞ்சி போச்சி" என்று சொன்னேன். நாலு பேர் பஸ்ஸில் இருக்கிறார்களே என்று வீம்பு. ஒரு வாரத்தில் அந்தக் கருவியை நெட்டிலிருந்து எடுத்துவிட்டாய். ஏன் என்று கேட்டதற்குப் பரீட்சை என்றாய். பரீட்சை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது.

இதுவரை எழுதியது மன்னிப்புக்காக. இனி எழுதுவது வேலை. கவனமாகப் படி. அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. உன் பெயர்களை நான் திருடினேன், சரி, அவை அங்கே என்ன ஆகின்றன என்றாவது பார்த்து உனக்குச் சொல்வோம் என்று. இரண்டு வருஷமாக ஏப்ரன் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். டீ நேரத்தில் எழுதுவேன். எட்டாவது படித்தவள் எழுதியது என்று ஒதுக்கிவிடாதே. இந்தக் கடிதத்தோடு அதையும் பார்சலில் வைக்கிறேன்.

நாற்பதில் ஏழு பெயர் முதல் வாரமே செத்துப்போய்விட்டது. ஸ்த்ரெக்வன் என்ற பெயரை ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை. அதைத் தள்ளுகிறவள் உயரம் என்பதால் "நெட்டை" என்று அவர்களாகவே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். தொமீலா அப்படியே முழுசாக இருக்கிறது. ஊர்ஷ்மக் மூன்றே மாதத்தில் ஊசுமா ஆகிவிட்டது. இதெல்லாம் இஷ்டத்துக்கு நடக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். எழுத எழுதத்தான் அதில் ஒரு ஒழுங்கு இருப்பது தெரிந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கூப்பிடுகிற வண்டியின் பெயர் சீக்கிரம் சின்னதாகிறது. வாரத்துக்கு ஒரு தடவை வருகிற வண்டிக்கு நீ வைத்த முழுப் பெயரும் இன்றைக்கும் இருக்கிறது. பக்கத்தில் நின்று பேசினால் பெயர் எப்படி முடிந்தாலும் பரவாயில்லை. ஹாலின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் கடைசி எழுத்தை இழுக்க இடம் வேண்டும். இடம் இல்லாத பெயருக்கு அவர்களே ஒரு ஈயோ ஆவோ ஒட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. திசையன்விளைப் பக்கத்து அமலி ஒரு மாதிரி சொல்கிறாள், குமாரி ஒரு மாதிரி, ஒடிசாவிலிருந்து வந்த பிரமிளா ஒரு மாதிரி. பிரமிளாவுக்கு "வ" வருகிற இடத்தில் எல்லாம் உதடு ஒட்டி, அது "ப" மாதிரி கேட்கும். ஒரு பெயரில் அப்படி, இன்னொரு பெயரில் வேறு மாதிரி என்று கிடையாது. எல்லாப் பெயரிலும் ஒரே மாதிரிதான் ஒட்டும். குமாரி இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து வந்தால் நடுவில் ஒரு உகரத்தைச் சொருகாமல், மெய்யில் முடிந்தால் கடைசியிலும் ஒன்றை ஒட்டாமல் விடமாட்டாள். "ஏ குமாரி, நீ ஒவ்வொண்ணுக்கும் வாலு வைக்கியேட்டி" என்று அமலி அவளைக் கிண்டல் செய்வாள். "எம் வாயி, நான் வெக்கறேன், உனக்கு இன்னா" என்பாள் குமாரி. ஒரே தாளிலிருந்து எடுத்த பெயர்கள் மூன்று வாயில் மூன்று குடும்பமாகப் பிரிந்து நிற்கின்றன. இந்த மாதிரி மாறாத வழக்கத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று நீதானே ஒரு காலத்தில் எனக்குச் சொன்னாய்.

உன் கருவியில் என்ன குறை என்று இப்போது எனக்குத் தெரியும். படப்பை ரோட்டில் வரிசையாக மனைப்பிரிவுகள் இருக்கின்றன பார், வளைவு கட்டி, அழகான பெயர் எழுதி, உள்ளே ஒரு வீடுகூட இல்லாமல். உன் கருவி கொடுக்கிற பெயர்கள் அப்படி இருக்கின்றன. எல்லாம் ஒரே நீளம், ஒரே பளபளப்பு. யாரும் குடியேறாத பெயர்கள். கருவி பெயரைக் கொடுத்ததோடு நின்றுவிடக் கூடாது. கேட்கிறவரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும். இதை யார் கூப்பிடுவார்கள்? எவ்வளவு தூரத்திலிருந்து? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? அந்தப் பதிலுக்குத் தகுந்தபடி பெயரை அந்த ஜனங்களின் வாயில் போட்டு நூறு வருஷம் உருட்டி எடுக்கட்டும். தெருவில் ஓடுகிற குழந்தைக்கு ஒரு மாதிரி பெயர் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை கும்பிடுகிற மலைக்கு வேறு மாதிரி வரும். உன் தீவுக்காரர்கள் நிஜமாக வாழ்ந்தவர்கள் மாதிரி அப்போதுதான் இருப்பார்கள்.

ஆவ்ரீனா என்ற பெயரை அந்தப் பெண்கள் கெடுத்துவிட்டார்கள் என்று நீ மனசில் வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும். கேட்காமல் எடுத்தது நான், குப்பை வண்டியில் எழுதியது நான், என் மூளை என்று ஊரை நம்பவைத்தது நான். என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, நியாயம். ஆனால் குமாரியும் அமலியும் பிரமிளாவும் உன் பெயரை வாயில் வைத்து வாழ்ந்திருக்கிறார்கள். உனக்கு நன்றி எழுதிய வெளிநாட்டுக்காரர்கள் செய்யாததை அவர்கள் செய்திருக்கிறார்கள். அவர்கள் மேல் கோபப்படாதே.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் குமாரியிடம் "ஆமாக்கா" என்று சொன்னாயே, அது அம்மாவைக் காப்பாற்றச் சொன்னது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் சாகும்வரை உனக்குக் கடன்பட்டவள். ஆனால் புனேவில் இருக்கிறவர்கள் உன் அம்மா கிடையாது. நீ செய்த வேலையைப் பக்கத்து சீட்டுக்காரன் தன் பெயரில் போட்டுக்கொண்டால் தலையாட்டிக்கொண்டு நிற்காதே. அப்போதே, அவன் எதிரிலேயே, மரியாதையாகச் சொல்லு. பொறுத்துக்கொண்டு, பிறகு வீட்டுக்கு வந்து ஆசையான வேலையை மூடிவைக்கிற பழக்கத்தை விட்டுவிடு.

நான் மட்டும் யோக்கியமா என்று கேட்பாய். போன மாதம் ஒரு நாள் காலை மீட்டிங்கில், அறுபது பேர் வரிசையாக நிற்கும்போது கையைத் தூக்கினேன். "அந்த ட்ராலி பேருங்க எதுவும் நான் யோசிச்சது இல்ல. என் பையன் உண்டாக்குனது. அவனக் கேக்காம எடுத்துக்கினு வந்துட்டேன். போர்டுல அவன் பேரப் போடணும்" என்றேன். சூப்பர்வைசர் சங்கர் சார், "யக்கா, அடுத்த வாரம் ஆடிட் வருது, இதைப் போய் இப்ப எதுக்குக் கிளப்பறீங்க" என்றார். ஆடிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை சார், பேரை மாத்துங்க என்றேன். மறுநாளும் கேட்டேன். நாலாம் நாள் என் போட்டோவைக் கழற்றினார்கள். கம்பெனியில் வேலை செய்யாதவர் பெயரைப் போட ரூல் இல்லையாம், அந்த இடம் காலியாக இருக்கிறது. தினமும் அந்தக் காலி இடத்தைத் தாண்டித்தான் லைனுக்குப் போகிறேன். லீடர் வேலை இருக்குமா போகுமா என்று இன்னும் சொல்லவில்லை. போனால் போகட்டும், பழையபடி வயர் கட்டத் தெரியாதா எனக்கு?

குமாரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ நேரத்தில் வந்து உட்கார்ந்து, "யக்கா, அப்போ அந்த ஆவுரீ யாரு?" என்று கேட்டாள். சொன்னேன். ஏரி, தீவு, முதல் தாய் எல்லாம். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அப்புறம் நேராகப் போய் சிவப்பு வண்டியில் இருந்த எழுத்தைப் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டாள். இப்போது அதற்குப் பெயர் இல்லை.

பக்கத்து ஹாலில் புது லைன் போடுகிறார்கள். பன்னிரண்டு ட்ராலி வந்து நிற்கிறது. நம்பர் ஒட்டிவிடலாமா என்று சங்கர் சார் கேட்டார். என் பையனைக் கேட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். குமாரி பஸ்ஸில் ஏறியதும் தினமும், "யக்கா, உம் புள்ள இன்னா சொல்லிச்சி?" என்று கேட்கிறாள். "இன்னும் கேக்கலடி" என்று பத்து நாளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவது இவ்வளவு கஷ்டமா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

தம்பி, அந்த வண்டிகளுக்கும், பெயர் இல்லாமல் நிற்கிற சிவப்பு வண்டிக்கும் சேர்த்து எனக்குப் பதின்மூன்று பெயர் தருவாயா? நோட்டைப் படித்து, கருவியைச் சரிசெய்து, அதிலிருந்து எடுத்துத் தா. எந்தப் பெயர் எந்த வண்டிக்கு என்பதையும் நீயே எழுது. தாளின் மேலே உன் பெயர் இருக்க வேண்டும். கொடுக்க மனசில்லை என்றால் மனசில்லை என்று எழுது. அன்றைக்கே நானே நம்பரை ஒட்டிவிடுகிறேன், மறுபடி இந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. குமாரி இன்றைக்கும் கேட்பாள். கேட்டுவிட்டேன் என்று சொல்லப்போகிறேன்.

அம்மா